ஐந்து பேர், ஒரு டிரெய்லர், 60,000 டாலர்: எஃப்-150, சில்வராடோ, ராம், டன்ட்ரா, எதை வாங்குவது?

கேட்டி_கதிர் (கேட்டி, டெக்சஸ்)

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை வருடம் மினிவேனிலேயே ஓட்டிவிட்டோம். இப்போது ஒரு டிராவல் டிரெய்லரும் (பின்னால் இழுத்துப் போகும் நடமாடும் வீடு), அதை இழுக்க ஒரு பிக்கப் வண்டியும் வாங்கப் போகிறோம். 26 அடி நீளம், காலி எடை 5,600 பவுண்டு, சாமான் ஏற்றி அதிகபட்சம் 7,200 வரை போகலாம். வரும் கோடையில் ஆமரில்லோ, ரேட்டன் கணவாய் வழியாக கொலராடோ போக எண்ணம். வண்டியில் நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள். வார நாட்களில் ஐ-10 நெடுஞ்சாலை நெரிசலில் ஆபீஸ் போவதும் இதே வண்டியில்தான்.

வரி எல்லாம் சேர்த்து 60,000 டாலருக்குள் முடிய வேண்டும். ஃபோர்டு எஃப்-150 13,500 பவுண்டு இழுக்கும் என்கிறார்கள், செவி சில்வராடோ 13,300, டொயோட்டா டன்ட்ரா 12,000, ராம் 1500 பதினோராயிரத்துச் சொச்சம். என் டிரெய்லர் ஏழாயிரம்தானே? எதை வாங்கினாலும் இழுத்துவிடும். அப்படியானால் உள்ளே சொகுசாக இருப்பதைப் பார்த்து எடுத்துவிடலாம் இல்லையா? ராமில் லாரமி என்ற மேல்தட்டு ட்ரிமின் (வசதிகளை வைத்துப் பிரித்த ரகம்) உட்புறம் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு ஃபோர்டு ஹைப்ரிட் மேல் ஒரு கண்.

ராம்_ரசிகன் (சார்லட், வட கரோலினா)

வீட்டில் பிடித்துவிட்டது என்று எழுதிவிட்டு அப்புறம் எதற்கு இழை திறந்தீர்கள்?

ராம்தான். 2009லேயே பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங் போட்டவர்கள். ஃபோர்டும் செவியும் இன்னும் சாதாரண மாடல்களில் லீஃப்தான். வாரத்தில் ஐந்து நாள் காலியாக ஆபீஸ் போகிற வண்டிக்கு இந்த வித்தியாசம் முதுகில் தெரியும். 3.0 லிட்டர் ட்வின் டர்போ இன்லைன் ஆறு சிலிண்டர் 420 குதிரைத்திறன் தருகிறது. வி8 சத்தம் வேண்டும் என்றால் 2025ல் எடுத்த ஹெமியை 2026 மாடலில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். 2026 வண்டிகளுக்கு எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி 10 வருடம் அல்லது 1,00,000 மைல். மற்ற மூவரும் பெட்ரோல் வண்டிக்குத் தருவது 5 வருடம், 60,000 மைல்.

டெட்ராய்ட்_அண்ணாச்சி (மிச்சிகன்)

கதிர், அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

13,500, 13,300 எல்லாம் பொய் இல்லை. எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற ஒரே சோதனை முறையில்தான் நால்வரும் அளக்கிறார்கள். டொயோட்டா அதை முதலில் ஏற்றது, டெட்ராய்ட்காரர்கள் (ஃபோர்டு, செவி, ராம்) சில வருடம் இழுத்தடித்துவிட்டுப் பின்னால் வந்தார்கள். ஆனால் அந்த எண் கிடைப்பது ஒரு குறிப்பிட்ட எஞ்சின், குறிப்பிட்ட ஆக்ஸில் விகிதம், மேக்ஸ் டோ பேக்கேஜ் (அதிக எடை இழுப்பதற்கான கூடுதல் பொருத்தம்) போட்ட வண்டிக்கு மட்டும். வண்டிக்குள் ஓட்டுநரும் ஒரு பயணியும் தலைக்கு 150 பவுண்டு என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். உங்கள் அம்மாவும் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இல்லை.

உங்களுக்கு வேண்டிய எண் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. "ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது" என்று எழுதியிருக்கும். அதுதான் பேலோடு. ஒரே மாடலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வண்டிக்கும் வேறு வேறாக இருக்கும், ஏனென்றால் அது அந்தந்த வண்டியில் போட்ட வசதிகளின் எடையைக் கழித்து வருவது.

இப்போது கணக்கு. தண்ணீர், காஸ், பாத்திரம், துணி எல்லாம் ஏற்றினால் உங்கள் டிரெய்லர் 7,000ஐத் தொடும். அதன் முன்முனை ஹிட்ச்சில் (வண்டியோடு இணைக்கும் கொக்கி) அழுத்தும் எடை, அதாவது டங் வெயிட், மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். ஊரில் மாட்டு வண்டியில் பாரம் ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்களே, அதே விஷயம். பின்பாரமானால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டும். 13 சதவீதம் என்று வைத்தால் 910 பவுண்டு. ஐந்து பேர் 650. எடையைப் பிரித்துக் கொடுக்கும் ஹிட்ச் ஒரு 80. பின்னால் பெட்டில் (சாமான் ஏற்றும் திறந்த பகுதி) கூலர், நாற்காலி, கருவிப் பெட்டி என்று 150. மொத்தம் 1,790 பவுண்டு.

லாரமி மாதிரி மேல்தட்டு ட்ரிமில் 4x4, ஏர் சஸ்பென்ஷன், பெரிய கண்ணாடிக் கூரை எல்லாம் சேர்ந்தால் ஸ்டிக்கர் 1,500ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ வந்து நிற்கும். இழுக்கும் திறன் இன்னும் நிறைய மிச்சம் இருக்கும், பேலோடு அதற்கு முன்பே தீர்ந்துவிடும். இது ராமுக்கு மட்டும் இல்லை. எஃப்-150 பிளாட்டினத்துக்கும் டன்ட்ரா கேப்ஸ்டோனுக்கும் இதே கதைதான்.

சும்மா_கேட்டேன் (நியூ ஜெர்சி)

அப்போ நேரே ஒரு படி பெரிய முக்கால் டன் வண்டி, ராம் அல்லது செவி 2500, ஃபோர்டு எஃப்-250 என்று வாங்கிவிடலாமே? இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லை.

டெட்ராய்ட்_அண்ணாச்சி

வாங்கலாம், பெட்ரோல் எஞ்சினில் பேலோடு தாராளமாகக் கிடைக்கும். ஆனால் காலியாக ஓட்டும்போது ஹூஸ்டன் சாலையின் ஒவ்வொரு இணைப்பும் இடுப்பில் எண்ணிக்கை சொல்லும். 60,000க்குள் டீசல் முக்கால் டன் புதிதாகக் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் அந்த எஞ்சினின் எடையே பேலோடில் ஒரு பெரிய பங்கைத் தின்றுவிடும். 10,000 பவுண்டு டிரெய்லர் என்றால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஏழாயிரத்துக்கு நீங்கள் சொன்ன நாலும் சேர்ந்த அரை டன் வகையே போதும், சரியான ட்ரிமைத் தேர்ந்தெடுத்தால்.

ராம்_ரசிகன்

அண்ணாச்சி, நாடு முழுக்க ஸ்டிக்கரைப் பார்க்காமல்தான் இழுத்துக்கொண்டு போகிறார்கள். என்ன ஆகிவிட்டது?

டெட்ராய்ட்_அண்ணாச்சி

தம்பி, ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் பின் ஆக்ஸிலும் பின் டயரும் எல்லையைத் தாண்டி, முன் சக்கரம் லேசாகி, அப்போது ஒரு 18 சக்கர லாரி பக்கத்தில் உரசிக்கொண்டு போகும்போது ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. அம்மாவைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு அதை நான் சோதித்துப் பார்க்க மாட்டேன்.

சுதா_எஸ்ஏ (சான் அன்டோனியோ, டெக்சஸ்)

எங்கள் ஊரில் செய்த வண்டியை ஏன் யாருமே பேசவில்லை? 2006லிருந்து டன்ட்ரா இங்கேதான் தயாராகிறது. நான் ஓட்டுவதும் டன்ட்ராதான், எஸ்ஆர்5 ட்ரிம். டிரெய்லரை நான்தான் இழுக்கிறேன், வீட்டுக்காரர் பக்கத்தில் மேப் பார்ப்பார்.

கொலராடோ போகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். ரேட்டன் கணவாய் 7,834 அடி. டென்வருக்கு மேற்கே ஐ-70ல் ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். 355 குதிரைத்திறன் கொண்ட செவி 5.3 வி8 அங்கே சுமார் 240க்கு வந்துவிடும். ஃபோர்டின் 5.0 வி8, ராமின் ஹெமி எல்லாவற்றுக்கும் இதே கதி. டர்போ எஞ்சின்கள் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் பெரிதாகத் தளராது. டன்ட்ராவின் ட்வின் டர்போ வி6 389 குதிரைத்திறன், 479 பவுண்டு-அடி டார்க் (முறுக்குவிசை). ரேட்டன் ஏறும்போது லாரிகளை நிதானமாகத் தாண்டிப் போனேன், எஞ்சின் அலறவில்லை.

தெரியாதவர்களுக்கு: 2012ல் லாஸ் ஏஞ்சலீஸில் எண்டெவர் விண்வெளி ஓடத்தைப் பாலத்துக்கு மேலே இழுத்துக்கொண்டு போனதும் ஒரு டன்ட்ராதான் :)

சும்மா_கேட்டேன்

கால் மைல் தூரம், நடக்கிற வேகம். அதைக் கொலராடோவுக்கு இழுத்திருந்தால் ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்காபரோ_ரமணன் (டொராண்டோ)

சுதா அக்கா, எண்டெவரை இழுத்தது பழைய 5.7 வி8. பத்து லட்சம் மைல் ஓடினது என்று டொயோட்டா வாங்கிப் பிரித்துப் பார்த்த 2007 டன்ட்ராவும் பழைய வி8தான். 2022ல் வந்தது முழுக்க வேறு எஞ்சின். உற்பத்தியின்போது உள்ளே தங்கின உலோகத் துகளால் பேரிங் போகலாம் என்று 2024 மே மாதம் 2022, 2023 வண்டிகளில் ஒரு லட்சத்துக்கு மேல் ரீகால் (கோளாறைச் சரிசெய்யத் திரும்ப அழைப்பது) செய்தார்கள். பழைய பெயரை வைத்துப் புது எஞ்சினை நம்பேலாது.

நான் கட்டட வேலை செய்கிறனான். செங்கல், சீமெந்து, மணல் எல்லாம் பிக்கப்பில்தான். சில்வராடோ வைத்திருக்கிறேன், பக்கத்து ஊரான ஒஷாவாவில் செய்தது. பின் பம்பர் மூலையில் கால் வைத்து ஏற ஒரு படி விட்டிருக்கிறார்கள். பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஏறி இறங்குகிறோம் என்று எங்களைக் கேட்டால் தெரியும். இரும்பு பெட். 2016ல் ஃபோர்டின் அலுமினிய பெட்டில் கல்லைக் கொட்டி ஓட்டை போட்டுக் காட்டி செவி விளம்பரம் எடுத்தார்களே, அது கொஞ்சம் நாடகம்தான், ஆனால் கல்லு ஏற்றுகிறவனுக்கு அதில் ஒரு உண்மை இருக்கிறது. கதிர் அண்ணை கல்லு ஏற்றப் போவதில்லை, அதனால் அவருக்கு இது பொருட்டில்லை.

இங்கே குளிர்காலம் முழுக்க உப்புப் போடுகிறார்கள். அந்த விஷயத்தில் ஃபோர்டின் அலுமினிய உடம்புதான் கெட்டிக்காரத்தனம், துரு பிடிக்காது. கீழே ஃப்ரேம் எல்லோருக்கும் இரும்புதான்.

சுதா_எஸ்ஏ

ரமணன் தம்பி, ரீகாலை நான் மறைக்கவில்லை. ஆனால் டொயோட்டா அந்த வண்டிகளுக்கு எஞ்சினையே மாற்றிக் கொடுத்தது. செவியின் 6.2 வி8 பற்றியும் சொல்லுங்களேன்? 2025 ஏப்ரலில் செவியின் தாய்க் கம்பெனி ஜி.எம். அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட ஆறு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2021 முதல் 2024 வரை செய்தவை, கிராங்க்ஷாஃப்ட், கனெக்டிங் ராட் கோளாறு. சோதனையில் தேறாத வண்டிக்குப் புது எஞ்சின். தேறினால் 0டபிள்யூ-20க்குப் பதில் கெட்டியான 0டபிள்யூ-40 ஆயில் ஊற்றி அனுப்புகிறார்கள்.

ஸ்காபரோ_ரமணன்

ஓம் அக்கா, அது உண்மை. அதனால்தான் நான் 6.2 எடுக்கவில்லை. கதிர் அண்ணைக்கும் 6.2 வேண்டாம். செவியில் எடுத்தால் 3.0 டூராமேக்ஸ் டீசல். 495 பவுண்டு-அடி டார்க், டர்போ என்பதால் மலையிலும் பயமில்லை, இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் பிடித்துக்கொடுக்கும். சுமை இல்லாமல் நெடுஞ்சாலையில் போனால் இந்த நாலு கம்பெனியிலும் இவ்வளவு குறைவாக எண்ணெய் குடிக்கிற வண்டி இல்லை. டெஃப் திரவம் (டீசல் புகையைச் சுத்தப்படுத்துவது) ஊற்றவேணும், பெட்ரோல் டாங்க் மாதிரி அதையும் கவனிக்கவேணும், அவ்வளவுதான். ஆயில் பம்பை ஓட்டுகிற பெல்ட் எஞ்சினின் பின்பக்கத்தில் இருப்பது எனக்கும் பிடிக்காத விஷயம். ஆனால் அதை மாற்றும் காலம் லட்சத்து ஐம்பதாயிரம் மைலுக்கு மேலே.

ராம்_ரசிகன்

எல்லோரும் ரீகால் பட்டியல் வாசித்தாயிற்று. ஃபோர்டை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? 2025ன் முதல் பாதியிலேயே, எந்தக் கம்பெனியும் ஒரு முழு வருடத்தில் செய்த ரீகால் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார்கள்.

டெட்ராய்ட்_அண்ணாச்சி

தாண்டினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதில் பெரும் பகுதி ரிவர்ஸ் கேமரா, சாஃப்ட்வேர் மாதிரி விஷயங்கள். ரீகாலை எண்ணிக்கையால் பார்க்காதீர்கள், எந்தப் பாகம் என்று பாருங்கள். 2021, 2022 எஃப்-150ல் 2.7 டர்போவின் இன்டேக் வால்வு உடைந்த பிரச்சினை உண்மையானது. 2017 முதல் 2020 வரையான 3.5 ஈகோபூஸ்ட் டர்போவில் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கேம் ஃபேசர் என்ற பாகம் சலசலக்கும். 10 கியர் கியர்பாக்ஸைப் பற்றி வழக்கே நடந்தது. அந்த கியர்பாக்ஸ் வடிவமைப்பு ஃபோர்டும் ஜி.எம்.மும் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்து செய்தது. ஆக ஃபோர்டைத் திட்டிவிட்டு அதே அடிப்படை உள்ள செவியை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

எனக்கே ஒரு பழைய வண்டியில் வாரண்டி முடிந்த கொஞ்ச நாளில் லிஃப்டர் என்ற எஞ்சின் பாகம் போனது. சர்வீஸ்காரர்கள் சொன்ன தொகையைக் கேட்டு வண்டியை அங்கேயே விட்டுவிடலாமா என்று தோன்றியது. எந்தக் கம்பெனி என்று இங்கே சொல்லமாட்டேன், சொன்னால் கதிரின் கேள்வி காணாமல் போய்விடும். அதற்கப்புறம் நான் வைத்திருக்கும் வழக்கம் ஒன்றுதான்: புது எஞ்சினின் முதல் இரண்டு வருட மாடலைத் தொடமாட்டேன். அந்த அளவுகோலில் ராமின் இன்லைன் ஆறு இப்போதுதான் தேறி வருகிறது. வாரண்டியை 10 வருடத்துக்கு நீட்டியது நல்லதுதான். ஆனால் அது முதல் உரிமையாளருக்குத்தான், விற்கும்போது கூட வராது.

கேட்டி_கதிர்

அண்ணாச்சி, அந்த 1,790 கணக்கைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை :) டிரெய்லர் விற்பவர் "ஹாஃப் டன் வண்டியே தாராளம்" என்றுதான் சொன்னார்.

ஹைப்ரிட் பற்றி யாரும் சொல்லவில்லையே? 2021 பிப்ரவரி பனிப்புயலில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அப்போது எஃப்-150 ஹைப்ரிட் வைத்திருந்தவர்கள் வண்டியிலிருந்தே வீட்டுக்கு மின்சாரம் எடுத்தார்கள் என்று செய்தியில் பார்த்ததிலிருந்துதான் அந்த ஆசை.

டெட்ராய்ட்_அண்ணாச்சி

அது உண்மைச் செய்திதான். டீலர்களிடம் நின்ற ஜெனரேட்டர் வசதி உள்ள வண்டிகளை மக்களுக்குக் கொடுத்து உதவச் சொல்லி ஃபோர்டே டெக்சஸ் டீலர்களைக் கேட்டுக்கொண்டது. 7.2 கிலோவாட் வசதியை எடுத்தால் ஃபிரிட்ஜ், ஹீட்டர் ஃபேன், விளக்கு எல்லாம் தாங்கும். கேம்ப் போகும் இடத்தில் தனி ஜெனரேட்டர் வேண்டாம். 430 குதிரைத்திறன், 570 பவுண்டு-அடி, இழுப்பில் குறையே சொல்ல முடியாது. நெரிசலில் மைலேஜும் நன்றாக இருக்கும்.

ஆனால் பேட்டரியும் மோட்டாரும் எடைதானே. பேலோடு அங்கே குறையும். உங்கள் கணக்குக்கு ஹைப்ரிட் பிடிவாதமாக வேண்டுமென்றால் கீழ்த்தட்டு ட்ரிமில், கண்ணாடிக் கூரை இல்லாமல் தேட வேண்டும். கரண்ட்டுக்காக மட்டும் என்றால் தனி இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் ஒன்று வாங்கி கராஜில் வையுங்கள்.

கராஜ் என்றதும் ஞாபகம் வந்தது. நாலு வண்டியும், நாலு கதவு கேபின், சின்ன பெட் வைத்தால், 19 அடிக்குச் சற்று மேலே நீளம் வரும். வீட்டு கராஜ் ஆழத்தை டேப் வைத்து அளந்துவிட்டுப் போங்கள். பெரும்பாலான வீடுகளில் 20 அடி. அலமாரியும் வாஷிங் மெஷினும் வைத்திருந்தால் கதவு மூடாது.

சுதா_எஸ்ஏ

கடனுக்கு வாங்குவதாக இருந்தால் இன்னொன்று. 2025 முதல் 2028 வரை, அமெரிக்காவில் கடைசிக் கட்டம் வரை கோர்க்கப்பட்ட புது வண்டிக்கான கடன் வட்டியில் வருடத்துக்கு 10,000 டாலர் வரை வரிக் கழிவு உண்டு. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் வருமானம் 2 லட்சத்தைத் தாண்டும்போது குறையத் தொடங்கும். டன்ட்ரா இங்கே, எஃப்-150 மிச்சிகனிலும் மிசௌரியிலும், ராம் 1500 மிச்சிகனில். சில்வராடோ மட்டும் இந்தியானா, கனடா, மெக்சிகோ மூன்று இடத்திலிருந்தும் வரும். சேஸிஸ் எண்ணின் முதல் எழுத்தைப் பாருங்கள்: 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ.

ஸ்காபரோ_ரமணன்

என்ர வண்டி 2. எனக்கு இந்த வரிக் கழிவும் இல்லை, அண்ணாச்சி சொன்ன அந்த ஸ்டிக்கரும் கிலோவில்.

கேட்டி_கதிர்

சனிக்கிழமை முழுக்க டீலர்களிடம் சுற்றிவிட்டு வந்தேன். விற்பனையாளர்கள் ஸ்கிரீனைக் காட்டினார்கள், நான் கதவைத் திறந்து ஸ்டிக்கரை போட்டோ எடுத்தேன். ஒருவர் "இதை யாரும் பார்ப்பதில்லை சார்" என்றார்.

அண்ணாச்சி சொன்னது அப்படியே சரி. மனைவிக்குப் பிடித்த லாரமியில் 1,500க்குக் கீழே. பக்கத்தில் நின்ற பிக் ஹார்ன் ட்ரிமில் நல்ல வித்தியாசம் இருந்தது, ஆனாலும் 1,790 வரவில்லை. டன்ட்ரா எஸ்ஆர்5 கிட்டத்தட்ட அதே நிலை. சில்வராடோ டீசலும் கொஞ்சம் உதைத்தது. எஃப்-150 எக்ஸ்எல்டி 2.7 டர்போ, 4x2, கூரை சாதாரணம்: 1,800க்கு மேலே. டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் கம்பெனியிலேயே பொருத்தி வருகிற பேக்கேஜ் உள்ள வண்டி. 60,000க்குள் தாராளமாக முடிகிறது. ரீகால் ஆன வருடங்களுக்குப் பிறகு செய்த எஞ்சின் என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மனைவிக்கு வருத்தம்தான். எக்ஸ்எல்டி உள்ளே பார்த்துவிட்டு "வாடகை வண்டி மாதிரி இருக்கு" என்றாள்.

ராம்_ரசிகன்

பாவம் அவர்கள். சரி, ஒரு வழி இருக்கிறது. டிரெய்லரை மாற்றுங்கள். 22 அடியில், முழு எடை 5,500க்குள் நல்ல டிரெய்லர்கள் இருக்கின்றன. டங் வெயிட் 200 பவுண்டு குறையும். பிக் ஹார்ன் பிழைத்துவிடும், லாரமி ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். எல்லோரும் டிரெய்லரைக் கடவுள் கொடுத்தது போல வைத்துக்கொண்டு வண்டியைத் தேடுகிறீர்கள்.

டெட்ராய்ட்_அண்ணாச்சி

இந்த இழையில் தம்பி சொன்னதிலேயே இதுதான் உருப்படியான யோசனை. கதிர், டிரெய்லருக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

கேட்டி_கதிர்

பேசிவிட்டோம். 26 அடியில் அம்மாவுக்குத் தனிக் கட்டில் இருக்கிறது, 22 அடியில் டைனிங் மேசையை மடித்துத்தான் படுக்க வேண்டும். அதனால் டிரெய்லர் அதேதான், எக்ஸ்எல்டிதான். மனைவியின் நிபந்தனை, சீட்டுக்கு லெதர் உறை. அம்மாவின் நிபந்தனை, ஏறுவதற்குப் படி. பவர் ரன்னிங் போர்ட் போடலாமா, சாதாரணப் படி போதுமா?

சுதா_எஸ்ஏ

சாதாரண அலுமினியப் படி போதும். என் மாமியார் அதில்தான் ஏறுகிறார். உள்பக்கத் தூணில் கைப்பிடி இருக்கிறதா என்று அம்மாவை அழைத்துப் போய் ஒருமுறை ஏறவைத்துப் பாருங்கள், படியைவிட அதுதான் முக்கியம். மோட்டார் வைத்த படி கனம், உங்களிடம் மிச்சம் இருப்பதே சில பவுண்டுதான்.

ஸ்காபரோ_ரமணன்

லெதர் உறையின் எடையையும் கூட்டிப் பாருங்கோ அண்ணை.